நடு டம்ளர் நிறைந்த மதியம்

டீச்சர்: போயிட்டாரா?

ஆயாம்மா: போயிட்டாரு.

டீச்சர்: கேட்டைத் தாண்டி?

ஆயாம்மா: கேட்டைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டி, கார் சத்தமும் ஓஞ்சு போச்சு. இப்பவாவது உக்காருங்க டீச்சர். காலையில இருந்து ஒத்தைக் கால்ல நிக்கறீங்க.

டீச்சர்: எங்க உக்கார்றது? நாற்காலியெல்லாம் ஈரம்.

ஆயாம்மா: தரையில உக்காருங்க.

டீச்சர்: தரை அதைவிட ஈரம்.

ஆயாம்மா: அப்ப நில்லுங்க. தண்ணியை வச்சுப் பாடம் நடத்துனா இதான். நான் இந்த மாப்பால துடைச்சுடறேன்...

டீச்சர்: இருங்க ஆயாம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க. ஓனர் என்ன சொன்னாரு?

ஆயாம்மா: நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?

டீச்சர்: நின்னேன். காதுல ஒண்ணும் ஏறல. கொய்ங்னு ஒரு சத்தம் மட்டும்தான்...

ஆயாம்மா: 'தண்ணி வகுப்பு நடக்கட்டும், அந்த டீச்சரும் இருக்கட்டும்.' போதுமா? வேணும்னா எழுதி சுவத்துல ஒட்டிடவா?

டீச்சர்: 'இருக்கட்டும்'னாரா, இல்ல 'பார்க்கலாம்'னாரா?

ஆயாம்மா: இருக்கட்டும்னாரு. பார்க்கலாம்னது போன மாசம். புள்ளைங்களை நனைச்சு நனைச்சு வீட்டுக்கு அனுப்புறீங்கன்னு அந்த அம்மாமாரெல்லாம் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்களே, அப்ப.

டீச்சர்: அன்னைக்கு என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னாரு, ஞாபகம் இருக்கா? 'நாலு வயசுப் பிள்ளைங்க தண்ணியில விளையாடறதுதான் பாடம்னா, அதுக்கு டீச்சர் எதுக்கு? ஒரு குழாய் போதும்'னு. நானே ஒரு நாள் வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்னு...

ஆயாம்மா: அந்த வாய்தான் இன்னைக்கு இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போகுது. விடுங்க.

டீச்சர்: அப்ப... நாளைக்கு நான் வரலாம்.

ஆயாம்மா: வராம? உங்களுக்குப் பதிலா குழாயா வரும்?

டீச்சர்: எங்கம்மாகிட்ட உடனே சொல்லணும். காலையில கிளம்பும்போது, 'வேலை போனா போகுது, நேரத்தோட வந்து சாப்பிடு'ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

ஆயாம்மா: நல்லா தைரியம் சொன்னாங்க போங்க.

டீச்சர்: அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நானே ராத்திரியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆயாம்மா: எனக்கும் பயம்தான். ஆனா அந்தத் தொட்டி விளையாட்டு நல்லா போச்சு டீச்சர். களிமண் உருண்டையைப் போட்டா முங்கிடுது. அதே களிமண்ணைத் தட்டிக் கிண்ணமாக்கினா மிதக்குது. எனக்கே வேடிக்கையா இருந்துச்சு. அந்தப் பட்டாணிப் பயல்தான்...

டீச்சர்: பட்டாணியைப் பத்திப் பேசாதீங்க.

ஆயாம்மா: கையில கிடைச்சதையெல்லாம் தொட்டியில போட்டுப் பார்த்தான். கடைசியில ஓனர் பக்கத்துல வச்சிருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தூக்கிப் போட்டான் பாருங்க...

டீச்சர்: நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

ஆயாம்மா: நீங்க மூடிக்கிட்டீங்க, நான் பார்த்தேன். ஓனர் சொல்றாரு, 'அது முங்கிடும்'னு. புள்ளைங்க மிதக்கும்னு கத்துதுங்க. மிதந்துச்சு.

டீச்சர்: உள்ள கண்ணாடி இருந்துச்சு ஆயாம்மா.

ஆயாம்மா: இருந்தா என்ன? குளிச்சுட்டு வந்துச்சு. அவரே சிரிச்சுக்கிட்டே துடைச்சுப் போட்டுக்கிட்டாரு.

டீச்சர்: அவர் நல்லா சிரிச்சது அதுக்கப்பறம்தான். டம்ளரைத் தலைகீழாக் கவுத்தப்ப.

ஆயாம்மா: அதைச் சொல்லுங்க. வாய் வரைக்கும் தண்ணி. மேல ஒரு அட்டை. அப்படியே கவுத்துட்டுக் கையை எடுத்துட்டீங்க. ஒரு சொட்டு விழல. கேள்வி மேல கேள்வி கேக்கற அந்தக் குட்டி, நம்ம வக்கீல், சும்மா இருந்தாளா?

டீச்சர்: எப்ப அவ சும்மா இருந்தா? 'மிஸ், இவர் தலைக்கு மேல பிடிச்சாலும் கொட்டாதா?'ன்னா.

ஆயாம்மா: ஓனரும் வீராப்பா, 'பிடிம்மா பார்ப்போம்'னு தலையைக் குடுத்துட்டாரு. அந்த வழுக்கைக்கு மேல நீங்க டம்ளரோட நிக்கறீங்க. அட்டை நழுவியிருந்தா உங்க வேலையும் கூடவே நழுவியிருக்கும்.

டீச்சர்: ஒரு வாரமா வீட்டுக் குளியலறையில நின்னு பழகினேன். என் தலைக்கு மேலயே பிடிச்சுப் பிடிச்சு.

ஆயாம்மா: நழுவுச்சா?

டீச்சர்: முதல்ல நழுவிக்கிட்டேதான் இருந்துச்சு. எங்கம்மா வெளியில நின்னு, 'எத்தனை தடவைடி குளிப்ப'ன்னாங்க. டம்ளர் விளிம்பு நல்லா நனைஞ்சிருக்கணும், அட்டை மழமழன்னு இருக்கணும்னு பிடிபட்டதுக்கு அப்பறம் நழுவல.

ஆயாம்மா: எதுவா இருந்தா என்ன, பொழைச்சோம். சரி, தொட்டியை நீங்க காலி பண்ணுங்க. மேசை மேல இருக்கற மூணு டம்ளரையும் நான் கழுவிடறேன்.

டீச்சர்: வேண்டாம் வேண்டாம். அதை நான் கழுவறேன்.

ஆயாம்மா: உங்களுக்கு எதுக்கு சிரமம்?

டீச்சர்: மூணு டம்ளர் கழுவறதுல என்ன சிரமம்?

ஆயாம்மா: அப்ப ஓரத்துல இருக்கற ரெண்டையும் நீங்க எடுங்க. நடு டம்ளரை மட்டும் நான்...

டீச்சர்: நடு டம்ளரைத்தான் நான் எடுக்கணும்.

ஆயாம்மா: இழுக்காதீங்க டீச்சர். ததும்புது.

டீச்சர்: நீங்க விடுங்க, நானும் விடறேன்.

ஆயாம்மா: நீங்க முதல்ல விடுங்க.

டீச்சர்: ஆயாம்மா... அது ஏன் இவ்வளவு ததும்புது?

ஆயாம்மா: என்னைக் கேட்டா? பாடம் வச்சது நீங்க. தண்ணி நடந்து போகும்னு காலையில புள்ளைங்ககிட்ட சொன்னீங்க. நடந்துருச்சு போல.

டீச்சர்: எப்படி நடக்கணும்னு உங்களுக்குத் தெரியும்தானே?

ஆயாம்மா: தூரத்துல இருந்து கேட்டேன். முழுசாப் புரியல.

டீச்சர்: இந்த ஓரத்து டம்ளர்ல சிவப்புத் தண்ணி. அந்த ஓரத்துல மஞ்சள். நடுவுல காலி டம்ளர். ரெண்டு ஓரத்துல இருந்தும் நடுவுக்கு டிஷ்யூ பேப்பர்ல ஒரு பாலம். பேப்பர் தண்ணியை உறிஞ்சி மேல ஏத்தும், அந்தப் பக்கம் நடு டம்ளருக்குள்ள இறக்கும். சிவப்பும் மஞ்சளும் கலந்து ஆரஞ்சு ஆகும். காலையில வச்சா, பிள்ளைங்க மதியம் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள ஆகிடும்.

ஆயாம்மா: அதான் ஆச்சே. ஓனர் வந்தப்ப நடுவுல ஆரஞ்சுத் தண்ணி இருந்துச்சா இல்லையா?

டீச்சர்: இருந்துச்சு.

ஆயாம்மா: அப்பறம் என்ன?

டீச்சர்: ஓரத்து ரெண்டு டம்ளரையும் பாருங்க. காலையில ஊத்தின மாதிரியே கழுத்து வரைக்கும் இருக்கு. இவங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே குடுக்கல, நடுவுல இருக்கறவன் மட்டும் எப்படிப் பணக்காரன் ஆனான்?

ஆயாம்மா: ஓனரே கேக்கல. நீங்க ஏன் கேக்கறீங்க?

டீச்சர்: வக்கீல் கேட்டாளே.

ஆயாம்மா: அவ ஆயிரம் கேப்பா.

டீச்சர்: ஓனர் பக்கத்துல நிக்கும்போதே சொன்னா. 'மிஸ், தண்ணி ஏறவே இல்ல. படுக்கப் போற வரைக்கும் நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்பகூட பேப்பர் காஞ்சுதான் இருக்கு'ன்னு. நான் என்ன சொன்னேன்னு கேட்டீங்களா?

ஆயாம்மா: கேட்டேன். 'நீ தூங்கினப்ப ஏறிடுச்சு கண்ணு, நீ சரியாப் பார்க்கல'ன்னீங்க.

டீச்சர்: அவ பேப்பரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தா. என்னை ஒரு தடவை பார்த்தா. அப்பறம் தலையை ஆட்டிட்டுப் போய் உக்காந்துட்டா.

ஆயாம்மா: அவ வாயடைச்சுப் போனது இந்தப் பள்ளிக்கூடத்துலயே முதல் தடவை.

டீச்சர்: அதான் ஆயாம்மா, என்னவோ பண்ணுது. வேலை நிலைச்சுடுச்சுன்னு ஒரு பக்கம் அப்பாடான்னு இருக்கு. ஆனா அவ சொன்னதுதான் சரி.

ஆயாம்மா: என்ன சரி?

டீச்சர்: தண்ணி ஏறல. ஒரு சொட்டுகூட ஏறல. இன்னும் ஒரு வருஷம் வச்சிருந்தாலும் ஏறாது.

ஆயாம்மா: மெதுவாப் பேசுங்க. பெரிய டீச்சர் ரூம்லதான் இருக்காங்க.

டீச்சர்: நேத்து சாயங்காலம் பேப்பரை அளந்து நறுக்கினேன். அழகா வந்துச்சு. அப்பறம், பட்டாணி கை பட்டாலே இது கிழிஞ்சுடுமேன்னு ஒரு நெனப்பு... டேப் ஒட்டினேன்.

ஆயாம்மா: எங்க ஒட்டினீங்க?

டீச்சர்: முன்பக்கம். பின்பக்கம். ஓரம்... ரெண்டு நுனியிலயும்.

ஆயாம்மா: கடவுளே. நீங்க டேப்பைக் கையில எடுத்தா வைக்கவே மாட்டீங்க. பேர் அட்டைக்கு ஒட்டினீங்க, படத்துக்கு ஒட்டினீங்க, போன வாரம் புள்ளைங்க பொறுக்கிட்டு வந்த சருகுக்கெல்லாம் உக்காந்து ஒட்டினீங்க.

டீச்சர்: எதுவும் கிழியக் கூடாதுன்னுதான்...

ஆயாம்மா: கிழியலதான். தண்ணிக்கும் உள்ள போக வழியில்ல.

டீச்சர்: மழைக்கோட்டு போட்டுவிட்டு, நல்லா நனைஞ்சுட்டு வாடான்னு அனுப்பின மாதிரி. வீட்டுல ஒவ்வொரு தடவையும் வெறும் பேப்பர்ல செஞ்சு பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஏறுச்சு. டேப் ஒட்டினதுக்கு அப்பறம் செஞ்சு பார்க்கணும்னு மட்டும் தோணல. பிள்ளைங்க தூங்கினதும் வந்து பார்க்கறேன்... நடு டம்ளர் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கு.

ஆயாம்மா: வேற பேப்பர் இல்லையா?

டீச்சர்: எல்லாத்தையும்தான் ஒட்டிட்டேனே. பிரிச்சா கையோட வருது. ஓனர் எந்த நிமிஷமும் வந்துடுவாரு. என்ன பண்றதுன்னே தெரியாம... ஒரு ஸ்பூனை எடுத்தேன்.

ஆயாம்மா: ம்...

டீச்சர்: சிவப்புல ஒரு ஸ்பூன், மஞ்சள்ல ஒரு ஸ்பூன். சமமா. அடிப்பக்கம் நனையற அளவுக்குத்தான்.

ஆயாம்மா: அதான் இத்தனூண்டு கெடந்துச்சா?

டீச்சர்: ஆமா, இத்தனூண்டுதான்... என்ன சொன்னீங்க?

ஆயாம்மா: ஒண்ணும் சொல்லல. மாப் எங்க வச்சேன்...

டீச்சர்: மாப் உங்க கையில இருக்கு. இத்தனூண்டு கிடந்ததை நீங்க எப்பப் பார்த்தீங்க?

ஆயாம்மா: மேசை துடைக்கறப்ப... கண்ணுல பட்டுச்சு.

டீச்சர்: ஆயாம்மா.

ஆயாம்மா: அப்படிப் பார்க்காதீங்க. சொல்லிடறேன். நீங்க புள்ளைங்களை எழுப்பி முகம் கழுவக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. நான் துடைக்க வந்தேன். எட்டிப் பார்த்தா, அடியில ஒரு எறும்பு குளிக்கற அளவுக்குத் தண்ணி. இதைக் காட்டினா அந்த மனுஷன் என்ன சொல்லுவாரு? இந்தப் பொண்ணு ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம அலையுதேன்னு... மனசு கேக்கல.

டீச்சர்: எதை ஊத்தினீங்க?

ஆயாம்மா: கையில கிடைச்சதை.

டீச்சர்: கையில என்ன கிடைச்சுது?

ஆயாம்மா: பிரஷ் கழுவுன தண்ணி.

டீச்சர்: பெயின்ட் பிரஷ்ஷா? அது சாக்கடை மாதிரி இருக்குமே.

ஆயாம்மா: எனக்கு ஆரஞ்சு மாதிரிதான் தெரிஞ்சுது. கண்ணாடி போடச் சொல்லி டாக்டர் சொல்லிக்கிட்டே இருக்காரு, நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

டீச்சர்: எவ்வளவு ஊத்தினீங்க?

ஆயாம்மா: பாதி. பாதிக்கு ஒரு சொட்டு மேல இருக்காது. ஊத்திட்டு கேட்டைத் திறக்க ஓடிட்டேன்.

டீச்சர்: நான் பிள்ளைங்களோட திரும்பி வந்தப்ப டம்ளர் ததும்பிக்கிட்டு இருந்துச்சு. தூக்கி வாரிப் போட்டுச்சு எனக்கு. டேப்புக்குள்ள புகுந்து எப்படியோ ஏறிடுச்சோன்னுகூட நெனச்சேன். நம்பணும்னு அவ்வளவு ஆசை.

ஆயாம்மா: நான் வச்சது பாதி. நீங்க வச்சது எறும்புக் குளியல். அப்ப மீதி?

டீச்சர்: அதுவும் இல்லாம, பிரஷ் கழுவின தண்ணி இப்படியா இருக்கும்? கொஞ்சம் கலங்கலா இருந்தாலும் ஆரஞ்சாத்தானே இருக்கு.

ஆயாம்மா: மோந்து பாருங்க.

டீச்சர்: எதைக் கண்டாலும் மோந்து பார்ப்பாளே நம்ம பூனை, அவ சொன்னா ஆயாம்மா. 'மிஸ், ஆரஞ்சு வாசனை வருது'ன்னா. கலரைத்தான் சொல்றாள்னு நெனச்சு, நல்ல பொண்ணுன்னு தட்டிக் குடுத்தேன். நிஜமாவே வருது.

ஆயாம்மா: சத்தியமா நான் வேற எதுவும் ஊத்தல.

டீச்சர்: நானும் இல்ல.

ஆயாம்மா: அப்ப விடுங்க, எதுவோ ஒண்ணு. கொட்டிட்டுக் கழுவிட்டா கதை முடிஞ்சுது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டீச்சர்: வக்கீலுக்குத் தெரியுமே.

ஆயாம்மா: நாலு வயசு. நாளைக்கே மறந்துடுவா.

டீச்சர்: மறக்க மாட்டா. நாளைக்கு நான் எதைக் காட்டி, நீ என்ன பார்த்தேன்னு கேட்டாலும், முதல்ல என் முகத்தைப் பார்ப்பா. நான் எதைச் சொல்லணும்னு எதிர்பார்க்கறேன்னு பார்த்துட்டு அதையே சொல்லுவா. நான் நடத்தற பாடமே, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கங்கறதுதானே? அதைச் சரியாச் செஞ்ச ஒரே பிள்ளையை நான் பொய்யாக்கிட்டேன்.

ஆயாம்மா: இப்ப என்னதான் பண்ணணும்ங்கறீங்க?

டீச்சர்: அவகிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி ரூம்ல இருக்கற மேடம்கிட்ட சொல்லணும்.

ஆயாம்மா: புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? கிடைச்ச வேலையை, கிடைச்ச அன்னைக்கே தாரை வார்க்கப் போறீங்களா? ஓனர் காதுக்குப் போனா என்ன ஆகும்? வாயைத் திறக்காதீங்க. நான் சொல்றேன், கேளுங்க...

பெரிய டீச்சர்: என்ன கேக்கணும்?

ஆயாம்மா: ஐயோ, பெரிய டீச்சர்... ஒண்ணுமில்ல. டீச்சருக்குத் தலை சுத்துதாம். வீட்டுக்குப் போகச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

பெரிய டீச்சர்: தலை சுத்தறவங்க எதுக்கு டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க?

டீச்சர்: மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

ஆயாம்மா: தலை சுத்தல்ல உளறுவாங்க. நம்பாதீங்க.

டீச்சர்: இன்னைக்கு இந்த டம்ளர்ல தண்ணி தானா வரல. நான்தான் ஸ்பூனால ஊத்தினேன். பேப்பர் முழுக்க டேப் ஒட்டிட்டேன், அதனால ஏறல. ஓனர் வர நேரம், பயந்துட்டேன். வக்கீல் கண்டுபிடிச்சுச் சொன்னா. அவளை, நீ சரியாப் பார்க்கலன்னு சொல்லிட்டேன். இது தெரிஞ்சும் நீங்க என்னை வச்சுக்கணும்னு இல்ல. ஆனா தெரியாம வச்சுக்க வேண்டாம்.

ஆயாம்மா: அவங்க ஊத்துனது ரெண்டு ஸ்பூன்தான். பாதி டம்ளர் ஊத்துனது நான். அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்புங்க.

பெரிய டீச்சர்: முதல்ல அந்த டம்ளரைக் கீழ வை.

டீச்சர்: மேடம்?

பெரிய டீச்சர்: கார்ல ஏறும்போது ஓனர் என்கிட்ட என்ன கேட்டாருன்னு தெரியுமா?

டீச்சர்: கண்டுபிடிச்சுட்டாரா?

பெரிய டீச்சர்: 'மேசை மேல யாரோ குடிச்ச மீதியை அப்படியே வச்சிருக்காங்க, எடுக்கச் சொல்லுங்க, எறும்பு வரும்'னாரு.

ஆயாம்மா: குடிச்ச மீதியா?

பெரிய டீச்சர்: இது ஒரு பாடம்னே அவருக்குத் தெரியல. தலைக்கு மேல தண்ணி நின்னதுல இருந்து அவர் வேற எதையும் பார்க்கல. பேத்திக்குக் காட்டணும்னு அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போறாரு.

டீச்சர்: அப்ப அவர் என்னை இருக்கட்டும்னது...

பெரிய டீச்சர்: நீ நிஜமாச் செஞ்சு காட்டினதுக்கு. கவுத்தின டம்ளருக்கு. களிமண் கிண்ணத்துக்கு. இந்த டம்ளர் காலியாவே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாரு.

ஆயாம்மா: அட ராமா. இதுக்கா நான் கேட்டு வரைக்கும் தலைதெறிக்க ஓடினேன்.

டீச்சர்: மேடம்... நீங்க என்ன சொல்றீங்க? நான் இருக்கலாமா?

பெரிய டீச்சர்: இருக்கணும். நாளைக்கு இதையே மறுபடி செய். ஒரு பாலத்துக்கு டேப் ஒட்டு, இன்னொரு பாலத்தை வெறும் பேப்பரா விடு. வக்கீலைப் பக்கத்துல உக்கார வச்சுக்க. எது நனையுது, எது நனையலன்னு அவளே சொல்லட்டும்.

டீச்சர்: அதுக்கு முன்னாடி, இன்னைக்கு அவ பார்த்ததுதான் சரின்னு எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும் சொல்லிடறேன். முதல் வேலையா.

ஆயாம்மா: நானும் பக்கத்துல நிக்கறேன். இல்லாட்டி அவ உங்களை மட்டும் குறுக்கு விசாரணை பண்ணியே கொன்னுடுவா.

பெரிய டீச்சர்: நில்லு. மூணு பேருமே நிப்போம்.

ஆயாம்மா: மூணாவது யாரு, ஓனரா?

பெரிய டீச்சர்: அவர் எதுக்கு... நீ கேட்டுக்கு ஓடினப்பறம் நான் இந்தப் பக்கம் வந்தேன். நடு டம்ளர்ல சேறு மாதிரி பாதி கிடந்துச்சு, பார்க்கவே சகிக்கல. வாசல்ல கார் ஹாரன் கேக்குது. இந்த வகுப்பை மூடிடுவாரோன்னு எனக்கு மட்டும் பயம் இருக்காதா? வேற என்னம்மா பண்றது... என் கையில இருந்தது ஆரஞ்சு ஜூஸ்தான்.